கட்டி சுமக்கும் சுண்டெலியில் டி செல்கள் எங்கே தளர்கின்றன? ஆய்வகத்தில் கண்டறியும் வழிமுறை

விலாவில் கட்டி வளரும் ஒரு சுண்டெலியின் மண்ணீரலை எடுத்துச் சோதித்தால், அந்தக் கட்டியை இனங்காணும் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பல சமயம் அங்கே கிடைக்கும். கட்டியையே நறுக்கிச் சோதித்தாலும் அதற்குள் அவை கிடைக்கும். ஆனாலும் கட்டி நாளுக்கு நாள் பெரிதாகிறது. இந்த முரணுக்கு விடை தேடியவர்களில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் ஃபிரெடரிக்கில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வகத்தினர் 1992இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். நெடுநாள் கட்டி சுமந்த எலிகளின் டி செல்களில், மேற்புறத்து ஏற்பி பெறும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சீட்டா சங்கிலி என்ற புரதம் வெகுவாகக் குறைந்திருந்தது என்பதே அது. கட்டி தன்னைத் தாக்க வரும் செல்லின் உட்கருவிகளையே கழற்றிவிடுகிறது என்று அப்போது பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். அந்த முடிவு பின்னர் எப்படிக் கேள்விக்குள்ளானது, எப்படி ஒரு பகுதி மீண்டும் நிலைநின்றது என்பதை இந்த வழிகாட்டியின் நடுவில் சொல்கிறேன். இந்த வேலையைச் செய்யப் புகும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘கட்டி நோயெதிர்ப்பை ஒடுக்குகிறது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் அடங்கிக் கிடக்கின்றன. டி செல்கள் கட்டிக்கு வந்து சேராமலே போயிருக்கலாம். வந்து சேர்ந்தும், சுற்றியுள்ள சூழல் அவற்றைச் செயல்பட விடாமல் தடுத்திருக்கலாம். அல்லது அவை தம் இயல்பிலேயே மாறி, சூழலை விட்டு வெளியே எடுத்த பிறகும் எழ முடியாத நிலையை அடைந்திருக்கலாம். மூன்றிலும் கட்டி வளரும். கட்டியை அளக்கும் காலிப்பர் காட்டும் எண் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆகவே முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவர், இந்த மூன்றில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லும் வகையில் முதல் நாளிலேயே சோதனையை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

எலியையும் கட்டியையும் தேர்ந்தெடுத்தல்

சி57பிஎல்/6 இன எலிகளிலிருந்து தொடங்குவது நல்லது. கிளாரன்ஸ் குக் லிட்டில் 1921இல் உருவாக்கத் தொடங்கிய கறுப்பு எலிகளின் வழிவந்தவை இவை. தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைசேர்த்து வளர்த்ததால், மரபணு அளவில் இவ்வினத்து எலிகள் ஏறத்தாழ ஒன்றே. எனவே இந்த இனத்தின் ஓர் எலியில் தோன்றிய கட்டியை இன்னோர் எலிக்கு மாற்றும்போது, உடல் அதை அயல் திசு என்று கருதித் தள்ளுவதில்லை. பி16 என்ற தோல் மெலனோமாவும் எம்சி38 என்ற பெருங்குடல் புற்றும் இந்த இனத்துக்குரியவை. சிடி26 என்ற பெருங்குடல் புற்றும் 4டி1 என்ற மார்பகப் புற்றும் பால்ப்/சி என்ற வெள்ளை எலிக்குரியவை. இனம் மாற்றி ஏற்றினால், நீங்கள் பார்ப்பது உறுப்பு மாற்று நிராகரிப்பாகத்தான் இருக்கும். கட்டிக்கு எதிரான எதிர்ப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எந்தக் கட்டி என்பது எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்தது. எம்சி38 கட்டிக்குள் டி செல்கள் ஓரளவு நன்றாகவே நுழைகின்றன. டி செல்லை அடக்கும் பிடி-1 என்ற ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடிக்கும் அது இணங்குகிறது. பி16 அப்படியன்று. அதன் செல்கள் தம் ஆன்டிஜெனை (டி செல் இனங்காணும் புரதத் துண்டை) வெளியே காட்டும் எம்எச்சி மூலக்கூறுகளை மேற்பரப்பில் மிகக் குறைவாகவே வைத்திருப்பதால், டி செல்லின் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. பிடி-1 தடுப்பு மட்டும் கொடுத்தால் பயனும் குறைவு. 4டி1 கட்டியோ மண்ணீரலைப் பல மடங்கு வீங்கச் செய்து, அதை மைலாய்டு செல்களால் (டி செல் வகையைச் சேராத வேறு வெள்ளணுக்களால்) நிரப்பிவிடும். டி செல்லின் உள்மாற்றத்தை அறிய விரும்புவோர் எம்சி38இலும், மைலாய்டு செல்களின் தடையை அறிய விரும்புவோர் 4டி1இலும் தொடங்கலாம்.

கட்டியை அறிந்த டி செல்களைப் பின்தொடர வேண்டுமானால் அவற்றை அடையாளம் காண ஒரு வழி வேண்டும். அதற்காகப் பலரும் கையாளும் உத்தி, கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமின் புரதத்தைக் கட்டிச் செல்களில் புகுத்திவிடுவது. அந்தப் புரதத்தின் 257 முதல் 264 வரையிலான எட்டு அமினோ அமிலத் துண்டை மட்டுமே இனங்காணும் சிடி8 டி செல்களை (இலக்குச் செல்லைக் கொல்லும் வகை) கொண்ட ஓடி-1 என்ற எலி 1994 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஓடி-1 எலியிலிருந்து எடுத்த செல்களைக் கட்டி சுமக்கும் எலிக்குள் செலுத்தி, அவை என்ன ஆகின்றன என்று நாள்தோறும் பார்க்கலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஓவால்புமின் எலிக்கு முற்றிலும் அயலான, வலுவான ஆன்டிஜென். இயல்பான கட்டிகளின் ஆன்டிஜென்கள் பெரும்பாலும் இத்தனை வலுவானவை அல்ல. அடுத்து, ஓர் ஆன்டிஜென்னை இனங்காணும் கன்னி (இன்னும் தூண்டப்படாத) டி செல்கள் ஓர் எலியின் உடலில் இயல்பாகச் சில நூறு அளவில்தான் இருக்கும். அங்கே லட்சக்கணக்கான ஓடி-1 செல்களைக் கொட்டினால், அவை தமக்குள்ளேயே போட்டியிட்டு இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளும். கணக்கிட்டுக் குறைவாகச் செலுத்துங்கள்.

கட்டியின் செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்வரிசையை) உறைநிலையிலிருந்து எழுப்பியதும் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யாமல் எலியின் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம். அந்த நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாது, வளர்ப்பு ஊடகத்தைக் கலங்கச் செய்யாது. ஆனால் எலியின் நோயெதிர்ப்பைத் தானே தூண்டிவிடும். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் கைக்கு வந்த பிறகே எலிகளை வரவழைக்க முடியும். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, எந்த அறிகுறி தெரிந்தால் எலியை வலியின்றி முடிப்பது என்ற மூன்றுக்கும் அந்த விண்ணப்பத்திலேயே தெளிவான விடை இருக்க வேண்டும்.

கூண்டும் அறையும்

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஜாக்சன் நிறுவனத்திலிருந்து வந்த சி57பிஎல்/6 எலிகளிலும் டகோனிக் நிறுவனத்திலிருந்து வந்த அதே இன எலிகளிலும் பி16 கட்டி வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தது. மரபணு ஒன்று, கட்டி ஒன்று. வேறுபட்டது குடலில் வாழும் பாக்டீரியாக்கள். இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் சேர்த்து வளர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்தது, ஏனென்றால் எலிகள் ஒன்றன் எச்சத்தை ஒன்று தின்னும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ரோஸ்வெல் பார்க் நிலையத்தினர், ஆய்வகங்களின் வழக்கமான 22 டிகிரி செல்சியஸ் அறை எலிகளுக்குக் குளிர்ச்சுமையாக இருப்பதையும், 30 டிகிரியில் வைத்த எலிகளில் கட்டி மெதுவாக வளர்வதையும், அந்த வேறுபாடு டி செல்களைச் சார்ந்திருப்பதையும் காட்டினார்கள்.

ஆகவே எலிகளை ஒரே இடத்திலிருந்து, ஒரே பாலினமாக, 6 முதல் 8 வார வயதில் வாங்குங்கள். வந்ததும் ஒரு வாரம் அமைதியாக விட்டுவிடுங்கள். ஒரு கூண்டு முழுவதும் சிகிச்சை எலிகள், அடுத்த கூண்டு முழுவதும் ஒப்பீட்டு எலிகள் என்று அமைத்தால், பின்னால் தெரியும் வேறுபாடு சிகிச்சையுடையதா கூண்டினுடையதா என்று எவராலும் சொல்ல முடியாது. முடிந்த இடங்களிலெல்லாம் இரு குழுவையும் ஒவ்வொரு கூண்டிலும் கலந்து வையுங்கள். எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதும் அதற்கு அச்சத்தைத் தரும்; ஒரு சிறு குழாயை நீட்டி அதற்குள் அது தானாக நுழைந்ததும் தூக்குவது எலிக்கும் நல்லது, அளவீட்டுக்கும் நல்லது.

ஊசி போடும் நாள்

செல்கள் தட்டை முழுதாக மூடுவதற்கு முன், சுறுசுறுப்பாகப் பெருகும் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். டிரிப்சினால் பிரித்து, சீரம் உள்ள ஊடகத்தால் நொதியை நிறுத்தி, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, டிரைபன் நீலச் சாயத்தில் எண்ணுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் உயிருள்ள செல்களாக இல்லையென்றால் அன்றைய சோதனையைத் தள்ளிவைப்பதே நேர்மை. இறந்த செல்கள் தாமே நோயெதிர்ப்பைத் தூண்டும்.

எம்சி38க்கு, 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் கரைசலில் 5 லட்சம் செல்கள் என்பது பலரும் கையாளும் அளவு. குழாயைப் பனிக்கட்டியில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறை ஊசியில் ஏற்றுவதற்கு முன்பும் குழாயை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். செல்கள் சில நிமிடங்களிலேயே அடியில் படிந்துவிடும், பார்வைக்குக் கரைசல் அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். கலக்காமல் பத்து எலிகளுக்குப் போட்டால் முதல் எலிக்கும் பத்தாவது எலிக்கும் போன செல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. முதல் நாளே வலது விலாவில் மயிரை மழித்து வைத்திருந்தால், ஊசிமுனை தோலுக்கும் தசைக்கும் இடையில் வழுக்கிக்கொண்டு போவது விரலுக்குத் தெரியும். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் ஒரு சிறு பருப்பளவு குமிழ் எழும்பி நிற்கும். குமிழ் எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போயிருக்கிறது. ஊசியை எடுக்கும் முன் சில நொடிகள் காத்திருங்கள். உடனே உருவினால் ஒரு துளி வெளியே கசியும், அந்தத் துளியிலும் பல ஆயிரம் செல்கள் இருக்கும். கசிந்த எலியின் எண்ணை அப்போதே குறிப்பேட்டில் எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு ‘இந்த எலியில் கசிந்தது’ என்று நினைவுகூர்ந்து நீக்குவது ஆய்வு ஆகாது.

கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், அளக்கத் தொடங்கலாம். நீளத்தையும் அகலத்தையும் காலிப்பரால் அளந்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது வழக்கமான கணக்கு. 12 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கட்டி 600 கன மில்லிமீட்டர். அகலத்தை அளக்கும்போது காலிப்பரைச் சற்றே தளர்த்திப் பிடித்து 11 என்று படித்துவிட்டால் அதே கட்டி 726 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிழை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டியைக் கூட்டிக் காட்டுகிறது. எனவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் அளக்க வேண்டும். எந்த எலிக்கு எந்தச் சிகிச்சை என்பது அவருக்குத் தெரியக் கூடாது. கட்டிகள் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்த பிறகே எலிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரியுங்கள்.

கட்டி புண்ணாகி உடைந்தாலோ, எலி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தாலோ, கூனிக்குறுகி உண்ணாமல் ஒதுங்கினாலோ, நெறிமுறைக் குழுவிடம் எழுதிக்கொடுத்தபடி அன்றே அதன் துன்பத்தை முடித்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் தரவு கிடைக்குமே என்று காத்திருக்க உங்களுக்கு உரிமையில்லை. தவிரவும், வேதனையிலும் பட்டினியிலும் இருக்கும் எலியின் உடலில் சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் ஹார்மோனே டி செல்களை ஒடுக்கும்; அந்த ஒடுக்கத்தைக் கட்டியின் கணக்கில் எழுதுவது தவறு.

கட்டியிலிருந்து செல்களை எடுத்தல்

தவறுகள் அதிகம் நேர்வது இங்கேதான்; ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எலியை முடிப்பதற்கு மூன்று நிமிடம் முன், வெள்ளணுக்களைப் பிடிக்கும், ஒளிர்சாயம் ஏற்றிய சிடி45 ஆன்டிபாடியை வால் சிரையில் செலுத்திவிடுங்கள். அந்தக் குறுகிய நேரத்தில் இரத்தக் குழாய்க்குள் இருக்கும் வெள்ளணுக்களை மட்டுமே அது தொடும். திசுவுக்குள் புகுந்தவற்றை எட்டாது. பின்னர் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் சைட்டோமீட்டரில் அந்தச் சாயம் பட்ட செல்களை ஒதுக்கிவிட்டால், கட்டிக்குள் உண்மையாகவே வந்து சேர்ந்த செல்கள் எவை, கட்டியின் இரத்தத்தில் வெறுமனே கடந்து போனவை எவை என்று தெரிந்துவிடும். ‘வந்து சேரவில்லை’ என்ற முதல் வாய்ப்பைச் சோதிக்க இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

கட்டியை எடையிட்டு, கத்தரிக்கோலால் கூழாகும்வரை நறுக்கி, கொலாஜினேஸும் டிஎன்ஏஸும் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம் மெதுவாகக் குலுக்கிக்கொண்டே வையுங்கள். 70 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக் கழுவியதும் குழாயின் அடியில் செல்கள் படியும். பி16 கட்டியாக இருந்தால் அந்தப் படிவு மெலனின் நிறமியால் கரிபோலக் கறுத்திருக்கும். அந்த நிறமி ஒளியை விழுங்கியும் தானே ஒளிர்ந்தும் அளவீட்டைக் குழப்பும் என்பதால், சாயங்களைத் தேர்வு செய்யும்போதே அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் இந்தக் கட்டத்தில்தான் நான் தவறினேன். கட்டியை நொதியில் 45 நிமிடம் ஊறவைத்தேன். ஒப்பீட்டுக்கான மண்ணீரலை வழக்கப்படி வடிகட்டியின்மேல் வைத்து ஊசிக்குழாயின் அடிக்கட்டையால் தேய்த்தெடுத்தேன். கட்டியின் டி செல்கள், செயல்படும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை மிகக் குறைவாகவே உருவாக்கின. மூன்று முறை செய்தும் மூன்று முறையும் அதே முடிவு வந்தது. ஆகவே அது உறுதியான முடிவு என்று நம்பினேன். ஆய்வகத்தின் மூத்தவர் ஒருவர், ‘மண்ணீரலையும் அதே நொதியில் அதே நேரம் வைத்துப் பார்த்தாயா?’ என்று கேட்டார். வைத்துப் பார்த்தபோது மண்ணீரல் செல்களின் எண்ணும் கணிசமாக இறங்கியது. நான் அளந்த தளர்ச்சியில் ஒரு பங்கு கட்டி செய்தது. மற்றொரு பங்கு என் கையில் இருந்த நொதி செய்தது. அன்று முதல் ஒப்பீட்டுத் திசு எதுவாயினும், கட்டி கடந்த ஒவ்வொரு படியையும் அதுவும் கடக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன 1992ஆம் ஆண்டு முடிவுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. கட்டி சுமக்கும் எலியின் மண்ணீரலில் கிரானுலோசைட் என்ற மைலாய்டு செல்கள் மிகுந்திருக்கும். டி செல்களைப் பிரித்தெடுக்கும்போது அவையும் உடன் வந்துவிடும். புரதத்தைச் சாறாக எடுக்கச் செல்களை உடைக்கும் வேளையில், அந்தக் கிரானுலோசைட்டுகளின் நொதிகள் வெளிப்பட்டு, டி செல்லின் சமிக்ஞைப் புரதங்களை ஓரளவு சிதைத்துவிடுகின்றன என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது குறைபாட்டின் ஒரு பகுதி எலிக்குள் நிகழாமல் குழாய்க்குள் நிகழ்ந்திருந்தது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில், கட்டியில் கூடும் மைலாய்டு செல்கள் ஆர்ஜினேஸ் நொதியால் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தீர்த்துவிடுவதும், ஆர்ஜினின் இல்லாத ஊடகத்தில் டி செல்கள் சீட்டா சங்கிலியை இழந்து பெருகாமல் நிற்பதும் தெளிவாயிற்று. முதல் முடிவில் உண்மை இருந்தது. அதை அளந்த முறையில் பிழையும் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

அளப்பதும் படிப்பதும்

சைட்டோமீட்டரில் முதலில் இறந்த செல்களைக் காட்டும் சாயம், பிறகு ஆன்டிபாடிகளைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் சிடி16/32 ஏற்பிகளை மூடும் ஆன்டிபாடி, அதன் பின்னரே மற்றவை என்ற ஒழுங்கை மாற்ற வேண்டாம். சிடி45, டி செல் ஏற்பி, சிடி8, சிடி4 ஆகியவை செல்லின் இனத்தைச் சொல்லும். பிடி-1, டிம்-3, லேக்-3 ஆகிய தடுப்பு ஏற்பிகளும், செல்லுக்குள் டாக்ஸ், டிசிஎஃப்-1 ஆகிய இரு புரதங்களும் அதன் நிலையைச் சொல்லும். ஒவ்வொரு சாயத்துக்கும், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றெல்லாம் இட்ட ஒரு குழாயை வைத்துக்கொண்டால்தான் எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்று தெரியும்.

பிடி-1 இருப்பதைக் கண்டதும் ‘செல் தளர்ந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992இல் கண்டறிந்த இந்த ஏற்பி, இப்போதுதான் விழித்தெழுந்த வீரியமான டி செல்லிலும் சில நாள் தோன்றும். தளர்ச்சி என்பது ஒரு நடத்தை; அதைச் செயலில்தான் அளக்க வேண்டும். செல்களை உரிய பெப்டைடுடன் (ஆன்டிஜென் துண்டுடன்) நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வைத்து, சுரப்பை உள்ளேயே தேக்கும் பிரெஃபெல்டின் ஏ சேர்த்து, டி செல் சுரக்கும் இன்டர்லூகின்-2, டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா என்ற மூன்று புரதங்களையும் ஒரே செல்லில் அளந்து பாருங்கள். எல்சிஎம்வி என்ற வைரஸ் நாட்பட்டுத் தங்கிய எலிகளில் முதலில் விவரிக்கப்பட்ட ஒழுங்கு இது: இன்டர்லூகின்-2 முதலில் போகும், டிஎன்எஃப் அடுத்துக் குறையும், இன்டர்ஃபெரான் காமா கடைசிவரை தாக்குப்பிடிக்கும். எனவே இன்டர்ஃபெரானை மட்டும் அளப்பவர் தளர்ச்சியின் தொடக்கத்தைத் தவறவிடுவார். மாறாக, கொல்லும் கருவியான கிரான்சைம் பி தளர்ந்த செல்களிலும் நிறைந்திருப்பது உண்டு. அதைக் கண்டு செல் நலமாயிருக்கிறது என்று முடிவுகட்டுவதும் பிழை.

தூண்டுவதற்குப் பெப்டைடைப் பயன்படுத்துவதோடு, ஒரு குழாயில் பிஎம்ஏயும் அயனோமைசினும் இடுங்கள். இவை ஏற்பியைத் தாண்டி நேரே உட்சமிக்ஞையைத் தூண்டுபவை. பெப்டைடுக்குப் பேசாத செல் இவற்றுக்குப் பேசினால், பழுது ஏற்பிக்கு அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் பேசாவிட்டால் பழுது ஆழமானது. ஒரே ஒரு கூடுதல் குழாய் இத்தனை சொல்லும்.

எண்ணும்போது சதவீதத்தோடு, ஒரு கிராம் கட்டிக்கு எத்தனை செல்கள் என்பதையும் எழுதுங்கள். மைலாய்டு செல்கள் பெருகினால் டி செல்லின் சதவீதம் தானே இறங்கும். அவற்றின் எண்ணிக்கை மாறாமலே இருக்கக்கூடும். புள்ளியியலில் அலகு எலிதான். ஓர் எலியிலிருந்து பத்தாயிரம் செல்களை அளந்தாலும் அது ஒரு புள்ளியே.

தடுப்பது யார் என்று தேடுதல்

செல்கள் வந்திருக்கின்றன, ஆனால் செயல்படவில்லை என்று தெரிந்தபின், சூழலில் உள்ள தடைகளை ஒன்றொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். ஷிமோன் சகாகுச்சி 1995இல் சிடி25 அடையாளத்தால் பிரித்துக் காட்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களை (மற்ற டி செல்களை அடக்குபவை), ஃபாக்ஸ்பி3 மரபணுவோடு டிஃப்தீரியா நச்சின் ஏற்பியை இணைத்த எலிகளில் அந்த நச்சைக் கொடுத்து நீக்கலாம். அவை நீங்கிய எலி சில வாரங்களில் தன்னுடல் தாக்குநோய்க்கு ஆளாகும் என்பதால் கால அளவைக் குறுக்கிக்கொள்ளுங்கள். டி செல்லை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் செய்தியைக் கேட்க முடியாத டி செல்கள் கொண்ட எலிகள் பி16, இஎல்4 கட்டிகளை எதிர்த்து நின்றதை யேல் பல்கலைக்கழகத்தினர் 2001இல் காட்டினார்கள். டி செல்லை அடக்கும் மற்றொரு பொருளான அடினோசினின் ஏ2ஏ ஏற்பி இல்லாத எலிகள் பல கட்டிகளைத் தள்ளின என்று 2006இல் தெரிந்தது. கட்டிச் செல்கள் குளுக்கோஸை முந்திக்கொண்டு உறிஞ்சி டி செல்லைப் பட்டினி போடுவதும் 2015இல் எலிச் சார்கோமாக்களில் காட்டப்பட்டது.

எதை நீக்கினாலும், நீக்கப்பட்டதா என்று கட்டிக்குள் பார்த்து உறுதிசெய்யுங்கள். இரத்தத்தில் காணாமல் போன ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கட்டிக்குள் அப்படியே தங்கியிருப்பது உண்டு. ஆன்டிபாடி கொடுக்கும் சோதனையில், அதே வகை, அதே அளவு, ஆனால் எதையும் பிடிக்காத ஐசோடைப் ஆன்டிபாடி பெறும் குழு கட்டாயம் வேண்டும். கட்டி சுருங்கினால், சிடி8 செல்களை நீக்கிய எலிகளில் அதே சிகிச்சையைத் திரும்பக் கொடுங்கள். அப்போது கட்டி சுருங்காவிட்டால்தான் அந்தப் பயன் சிடி8 செல்கள் வழியே வந்தது என்று எழுதலாம்.

சூழலா, செல்லா

மூன்றாவது வாய்ப்பைப் பிரித்தறிய, செல்லை அந்தச் சூழலிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். கட்டிக்குள் 8ஆம் நாள் இருந்த ஓடி-1 செல்களையும், 21ஆம் நாள் இருந்தவற்றையும் தனித்தனியே பிரித்தெடுத்து, கட்டி இல்லாத எலிகளுக்குள் செலுத்துங்கள். ஒப்பீட்டுக்காக, கட்டியையே காணாத, தடுப்பூசியால் உருவான நினைவு ஓடி-1 செல்களை அதே எலிக்குள் சம எண்ணிக்கையில் உடன் செலுத்துங்கள். ஒன்றுக்குச் சிடி45.1, மற்றதற்குத் தை1.1 என்று வெவ்வேறு பிறப்பு அடையாளம் இருந்தால் பின்னர் பிரித்தறியலாம். சில வாரம் ஓய்வு கொடுத்தபின், ஓவால்புமின் சுமக்கும் வலுக்குறைந்த லிஸ்டீரியா பாக்டீரியாவால் தூண்டி, ஒரு வாரம் கழித்து இரு வகையும் எத்தனை மடங்கு பெருகின என்று எண்ணுங்கள்.

நினைவுச் செல்கள் பெருகாவிட்டால் தூண்டுதல் தோற்றது. அந்த எலியை வைத்து எதுவும் சொல்ல இயலாது. நினைவுச் செல்கள் பெருகி, அதே எலியில் கட்டியிலிருந்து வந்த செல்களும் பெருகினால், அவற்றைக் கட்டிப்போட்டிருந்தது சூழல். நினைவுச் செல்கள் பெருக, மற்றவை அசையாமல் கிடந்தால், தளர்ச்சி செல்லின் குரோமாட்டினிலேயே (டிஎன்ஏவும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்த அமைப்பிலேயே) எழுதப்பட்டுவிட்டது. எலிக் கட்டிகளில் டி செல்கள் முதலில் மீட்கக்கூடிய நிலைக்கும் பின்னர் மீளாத நிலைக்கும் போவதையும், மீளாதவற்றின் மேற்பரப்பில் சிடி38, சிடி101 ஆகியவை தோன்றுவதையும் 2017இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே செல்களைச் செலுத்தும் முன்பே இந்த இரண்டையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டிசிஎஃப்-1 கொண்ட ஒரு சிறு கூட்டம் கட்டிக்குள் இன்னும் பெருகும் திறனோடு இருக்கும். பிடி-1 தடுப்புக்குப் பெரும்பாலும் பதிலளிப்பது அந்தக் கூட்டமே. அதைப் பிரிக்காமல் எல்லாச் செல்களையும் சேர்த்துச் செலுத்தினால், எழுந்தது மீண்ட செல்லா, முதலிலிருந்தே தளராத செல்லா என்று தெரியாது. சிறிய கூட்டத்தைத் தனியாகவும் பெரிய கூட்டத்தைத் தனியாகவும் செலுத்த எலிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்கான காரணத்தை நெறிமுறைக் குழுவிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.

8ஆம் நாள் செல்கள் எழுந்து, 21ஆம் நாள் செல்கள் எழாவிட்டால், மாற்றம் நிலைத்தது அந்த இரு நாட்களுக்கு இடையில். அடுத்த சுற்றில் கட்டிச் செல்களை ஊசி போடும் அன்றே, 12, 15, 18ஆம் நாட்களில் எடுக்க வேண்டிய எலிகளைக் குலுக்கலில் தேர்ந்து, காதுக் குறி எண்ணோடு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுங்கள்.